மோட்டார் ரூம் அலமாரியில் பழைய பூச்சி மருந்து: எடுப்பதிலிருந்து ஒப்படைப்பது வரை

அப்பா தவறி ஆறு மாதம் கழித்துத்தான் கிணற்றடி மோட்டார் ரூமை ஒதுங்க வைக்கப் போனேன். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காடு. பருத்தி போட்ட காலத்து மருந்தெல்லாம் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே இருந்த சிமென்ட் பலகையில் வரிசையாக நின்றது. எண்ணினேன், 17. லேபிள் முழுதாக இருந்தவை ஒன்பதுதான். மூடி இற்றுப்போன தகர டின் ஒன்று, அடியில் கசிந்து பலகையோடு ஒட்டிப்போன புட்டி ஒன்று, பிராந்தி பாட்டில் ஒன்றில் பாதி அளவுக்குப் பழுப்பாக ஏதோ ஒரு திரவம்.

எங்கள் காட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு குழியத் தோண்டி ஊத்தி மூடிருவோம் தம்பி. எல்லாரும் அப்படித்தான செய்றாக" என்றார்.

அவர் சொன்னது நிஜம். ஊரில் அப்படித்தான் நடக்கிறது. வேறு என்ன செய்யலாம் என்று அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நிலம் புதிதாகக் கைக்கு வந்தவர்கள், வெளியூரில் இருந்துவிட்டு விவசாயத்துக்குத் திரும்பியவர்கள், பழைய வீட்டை வாங்கிப் பரணைத் திறந்து பார்த்துத் திகைத்தவர்கள், இவர்களுக்காகத்தான் இது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மருந்தை அழிப்பது உங்கள் வேலை கிடையாது. அதற்கான வசதி நம் யாரிடமும் இல்லை. அது கசியாமல், யார் கையும் படாமல், இன்னதென்று பெயர் தெரிய, அழிக்கத் தெரிந்தவர்களிடம் போய்ச் சேரும் வரை காத்து வைப்பதுதான் உங்கள் வேலை. கீழே வருவதெல்லாம் அதற்கான வழிதான்.

முதல் நாள்: பார்ப்பது மட்டும்

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். வெயில் ஏறுவதற்கு முன், காலையிலேயே போவது நல்லது. சூட்டில் ஆவி அதிகம் கிளம்பும். உள்ளே போனதும் எதையும் தூக்காமல், ஆட்டாமல், திறக்காமல், மோந்து பார்க்காமல் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு புட்டிக்கும் முன்புறம் ஒரு படம், லேபிளுக்கு ஒரு படம், அது நிற்கிற இடத்துக்கு ஒரு படம். முதல் நாளுக்கு அவ்வளவுதான்.

ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் தனி எச்சரிக்கை உண்டு. தானிய மூட்டைக்குப் போடும் செல்பாஸ் மாத்திரை, அதாவது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டாலே அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். பொது மக்களுக்கு விற்கக் கூடாத, பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டிய பொருள் இது. ஆனாலும் பல வீடுகளில் கிடக்கிறது. உப்பிய டின், சாம்பல் நிறப் பொடி, பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற வாடை, இதில் எது இருந்தாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள். கதவைத் திறந்தே வைத்து, யாரும் கிட்டே போகாமல் பார்த்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. காருக்குள்ளோ வீட்டுக்குள்ளோ எடுத்து வரவும் கூடாது.

குழி, நெருப்பு, வாய்க்கால்: ஏன் வேண்டாம்

பெரியவர் சொன்ன குழியையே எடுத்துக்கொள்வோம். எங்கள் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கை நுழைகிற அளவுக்குப் பிளவு. முதல் மழைத் தண்ணீர் அந்தப் பிளவு வழியாக நேராகக் கீழே இறங்கும். குழியில் ஊற்றியதும் கூடவே இறங்கும். எங்கள் கிணறு அந்த இடத்திலிருந்து நாற்பது எட்டுகூட இல்லை.

எவ்வளவு கொஞ்சம் போதும் தெரியுமா? குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, மானோகுரோட்டபாஸ் என்ற பூச்சி மருந்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். 36 சதவீத மருந்து 100 மில்லியில் சுமார் 36 கிராம் நஞ்சு இருக்கிறது. கணக்குப் போட்டால், மூன்று கோடியே அறுபது லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோக அந்த 100 மில்லி போதும். 10,000 லிட்டர் டேங்கர் லாரியில் 3,600 நடை. மண்ணில் ஒரு பகுதி சிதையும், ஒரு பகுதி ஒட்டிக்கொள்ளும், எல்லாமே கிணற்றுக்கு வந்துவிடாது என்பது சரிதான். ஆனால் பி.எச்.சி., டி.டி.டி. போன்ற பழைய பொடிகள் மண்ணில் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

கொளுத்துவதும் இதே கதைதான். திரவ மருந்துகள் பலவற்றில் பெட்ரோலியக் கரைப்பான் இருக்கிறது, குப்பென்று பற்றும், மூடிய புட்டி வெடிக்கும். குப்பை நெருப்பின் சூட்டில் நஞ்சு முழுதாக எரியாமல் பாதி புகையோடு கிளம்பும். குளோரின் உள்ள மருந்தாக இருந்தால் டையாக்சின் போன்ற இன்னும் கொடிய பொருள்கள் உண்டாகலாம்.

வாய்க்கால், கண்மாய், கழிவறை, சாக்கடை எதிலும் ஊற்றாதீர்கள். செப்டிக் டேங்கில் ஊற்றினால் அதில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்து, விஷம் கலந்த கழிவாகவே வெளியே போகும். பழைய இரும்புக்காரரிடம் டின்னைப் போடாதீர்கள். அதை அவர் வெறுங்கையால் தட்டையாக்குவார்.

வேறு புட்டிக்கு மாற்றவே மாற்றாதீர்கள். 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரன் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டபாஸ் கலந்திருந்தது. மருந்து இருந்த கலன் எண்ணெய்க்குப் போனால் என்ன ஆகும் என்பதை அந்த ஊர் அறிந்தது. என் அப்பாவின் பிராந்தி பாட்டிலைப் பார்த்தபோது எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வந்தது. நாம் இதை 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லைக் கேட்கிற குழந்தைக்கு அது இருமல் மருந்தின் உறவுதான்.

கை வைப்பதற்கு முன்

முழுக்கைச் சட்டை, முழு பேன்ட், மூடிய செருப்பு அல்லது கம்பூட்ஸ், கண்ணாடி, முகக்கவசம். கைக்கு ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை. துணிக் கையுறையும் தோல் கையுறையும் வேண்டாம், அவை மருந்தை உறிஞ்சித் தோலோடு வைத்து அழுத்தும். பீடி, வெற்றிலை, டீ எல்லாம் வேலை முடிந்து குளித்த பிறகுதான். பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் சோப்பும், இன்னொரு வாளியில் காய்ந்த மணலும் இருக்கட்டும். தனியாகப் போகாதீர்கள். கூட வருபவர் வெளியில் நின்றால் போதும்.

கண்ணின் பாவை ஊசிமுனைபோலச் சுருங்குதல், வாயில் எச்சில் ஊறி வழிதல், வியர்வை, வாந்தி, வயிற்றைப் பிசைதல், மூச்சுத் திணறல், இவை பாஸ்பரஸ் வகை மருந்து உடலில் ஏறியதன் அறிகுறிகள். மேலே பட்டிருந்தால் துணியைக் கழற்றிவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் அதே அளவு நேரம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதையும் புகட்டாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். லேபிளின் படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள், எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் எந்த முறிவு மருந்து என்று அவர் முடிவெடுக்க முடியும். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

பட்டியல் எழுதுவது

இதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள். பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு நோட்டில் ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு வரி: வணிகப் பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர், சதவீதம், திரவமா பொடியா குருணையா, தோராயமாக எவ்வளவு மிச்சம், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, கசிகிறதா இல்லையா. லேபிள் இல்லாததற்கு 'பெயர் தெரியாது' என்று எழுதினால் போதும். ஊகித்து எழுதாதீர்கள்.

லேபிளில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம்தான் நச்சின் அளவு. சிவப்பு மிகக் கொடியது, கூடவே மண்டையோட்டுப் படமும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மற்றவற்றைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

அப்புறம் தடை செய்யப்பட்டதா என்று பாருங்கள். எங்கள் பக்கத்துப் பழைய அலமாரிகளில் வழக்கமாக அகப்படுபவை இவை. பி.எச்.சி. பொடி 1997-ல் தடை. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று நிறுத்தியது. மெட்டாசிட் என்று எல்லாரும் சொல்லும் மீத்தைல் பாரத்தியான் 2018-ல். தைமெட் குருணை (போரேட்), நுவான் (டைகுளோர்வாஸ்), டிரையசோபாஸ், பாஸ்பமிடான் ஆகியவை 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தன. மானோகுரோட்டபாஸ் 36 சதவீதத் திரவத்துக்கு 2023-ல் தடை ஆணை வந்தது. எலி மருந்தில், மஞ்சள் பாஸ்பரஸ் 3 சதவீதப் பசையைத் தமிழ்நாடு அரசு நிரந்தரமாகத் தடை செய்திருக்கிறது. தடைப் பொருள் வீட்டில் இருப்பதற்காகப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள். வாங்கிய காலத்தில் அது கடையில் ரசீது போட்டு விற்ற பொருள்தான்.

மூன்று குவியல்

பட்டியலை வைத்து மனத்தளவில் மூன்றாகப் பிரியுங்கள். புட்டிகளை இன்னும் நகர்த்த வேண்டாம்.

காலாவதியாகாதது, தடையில்லாதது, லேபிள் தெளிவாக இருப்பது முதல் குவியல். இதற்கு நல்ல முடிவு, லேபிளில் சொன்ன பயிருக்குச் சொன்ன அளவில் அடித்துத் தீர்ப்பதுதான். உங்களுக்குத் தேவையில்லை என்றால் அதே பயிர் வைத்திருக்கும் பக்கத்துக் காட்டுக்காரரிடம், அசல் புட்டியோடு கொடுக்கலாம். தீர வேண்டும் என்பதற்காகக் கூடுதலாக அடிக்கவோ, பருத்திக்கு உள்ளதைக் கத்தரிக்கு அடிக்கவோ கூடாது. சீல் உடைக்காததை ரசீதோடு கொண்டுபோனால் சில கடைக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எனக்கு இரண்டு புட்டி அப்படிப் போனது, நான்கு பயன்பட்டது.

காலாவதியானதும் தடை செய்யப்பட்டதும் இரண்டாவது. மருந்துக்குப் பெரும்பாலும் 2 ஆண்டுதான் ஆயுள். அதற்கு மேல் அது பூச்சியைக் கொல்லாமல் போகலாம், ஆனால் மனிதருக்கு நஞ்சாகவே இருக்கும். சில மருந்துகள் சிதையும்போது முன்பைவிட மோசமான பொருளாக மாறுவதும் உண்டு.

பெயர் தெரியாதது, கசிவது, உப்பியது மூன்றாவது. என் 17-ல் பாக்கி 11-ம் கடைசி இரண்டு குவியல்களில்தான் விழுந்தன.

கட்டி வைப்பது

20 லிட்டர் பெயிண்ட் வாளிகளை மூடியோடு வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல். அதன்மேல் புட்டிகளை நிமிர்த்தி, ஒன்றோடொன்று இடிக்காமல் வையுங்கள், இடைவெளியிலும் மணலை நிரப்புங்கள். கசியும் புட்டியை முதலில் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதற்கென்று தனி வாளியில் இறக்குங்கள். திரவத்துக்கு ஒரு வாளி, பொடி, குருணைக்கு ஒரு வாளி. களைக்கொல்லியைத் தனியாக வைப்பது உத்தமம். இரண்டு புட்டியில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறதே என்று ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள். என்ன வினை நடக்கும் என்று தெரியாது, கலந்த பிறகு அது என்னவென்று யாருக்கும் சொல்லவும் முடியாது. அழிக்கும் இடத்தில் கலந்ததை வாங்கவே தயங்குவார்கள்.

கீழே சிந்தியிருந்தால் மணலோ மரத்தூளோ போட்டு ஊற விட்டுக் கூட்டி அள்ளி, அதையும் வாளியில் போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கசிவு அறை முழுக்கப் பரவும்.

வாளியின் மேல், மூடியில் இல்லாமல் பக்கவாட்டில், அழியாத பேனாவால் 'விஷம்' என்று பெரிதாகவும், உள்ளே என்னென்ன என்றும், கட்டிய தேதியையும் எழுதுங்கள். மூடி மாறிப்போகும், வாளி மாறாது. பட்டியலின் நகல் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடலாம்.

பூட்டு கட்டாயம். விதை, தீவனம், தண்ணீர்த் தொட்டி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம், நம் கிராமங்களில் மனம் நொந்த ஒரு நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இந்தப் புட்டி இருந்ததாலேயே எத்தனையோ வீடுகளில் இழப்பு நடந்திருக்கிறது. அந்த நிமிடம் கடந்துபோகக் கூடியது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரக் கிராமங்களில், ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பூட்டுப் பெட்டிகள் வைத்து, விவசாயிகள் தங்கள் மருந்தை அங்கேயே வைத்துத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் முயற்சி நடந்தது. சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு அது, 2013-ல் வெளியானது. ஊர்மக்கள் அதை ஏற்றுக்கொண்டு பயன்படுத்தினார்கள். உங்கள் வீட்டில் யாராவது அப்படி ஒரு கஷ்டத்தில் இருந்தால், பட்டியலெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கே மருந்தை அந்த வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

எங்கே கொடுப்பது: நகரத்தில்

வீட்டு எறும்புப் பொடி, கரையான் மருந்து, எலிப் பசை, மாடித் தோட்டத்து மிச்சம் எல்லாம் வீட்டு அபாயக் கழிவு. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் பூச்சி மருந்து டப்பாக்களைப் பெயர் சொல்லியே அந்த வகையில் சேர்த்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் என்ற கணக்கில் இத்தகைய கழிவைப் பெறும் இடங்களை அமைத்து, நேரத்தை அறிவித்து, அங்கிருந்து பத்திரமாக அனுப்ப வேண்டிய பொறுப்பையும் நகராட்சி, மாநகராட்சிகள்மேல் வைத்தன. அதனால் வார்டு அலுவலகத்திலோ துப்புரவு ஆய்வாளரிடமோ "வீட்டு அபாயக் கழிவு எங்கே வாங்குகிறீர்கள்?" என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். 'பழைய மருந்து' என்றால் காலாவதியான மாத்திரை என்று நினைத்துக்கொள்வார்கள். குப்பை வண்டியில் மற்றதோடு சேர்த்துப் போடாதீர்கள், பிரித்தெடுக்கும் பணியாளர்கள் அதைக் கையால்தான் தொடுவார்கள்.

எங்கே கொடுப்பது: கிராமத்தில்

இங்கேதான் வழி கரடுமுரடு. தமிழ்நாட்டு விவசாயி தன் மிச்ச மருந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வழக்கமான ஏற்பாடு ஊர் தோறும் கிடையாது. நான் போன ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அது முதலாவதையே கைகாட்டியது. ஆனால் சட்டத்தில் பிடிமானம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

1971-ன் பூச்சிக்கொல்லி விதிகளில் விதி 44, மிச்ச மருந்தையும் கழுவிய நீரையும் சுற்றுச்சூழலும் நீரும் கெடாதபடி அப்புறப்படுத்தச் சொல்கிறது. விதி 10ஏ, உரிமம் பெற்ற விற்பனையாளர் காலாவதிச் சரக்கைத் தனியே பிரித்து, முத்திரையிட்டு, 'காலாவதியானது' என்று பலகை வைத்த இடத்தில் வைத்து, சுற்றுச்சூழலுக்குக் கேடின்றி அப்புறப்படுத்த வேண்டும் என்கிறது. ஆக, உங்கள் உரக்கடையில் அப்படி ஓர் இடம் இருந்தாக வேண்டும், அது எங்கே போகிறது என்பதும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அபாயக் கழிவுகள் பற்றிய 2016 விதிகளின் முதல் அட்டவணையில் 29.3 என்ற எண்ணில், காலாவதியான பூச்சி மருந்து தொழில்துறை அபாயக் கழிவாகவே இருக்கிறது.

போக வேண்டிய வரிசை: முதலில் உங்கள் உதவி வேளாண்மை அலுவலர், பிறகு வட்டாரத்தில் வேளாண்மை உதவி இயக்குநர், மாவட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். வாயால் சொல்வதோடு நிற்காமல் பட்டியலை இணைத்து மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் இதற்கு மிக நல்ல இடம், அங்கே இந்த அதிகாரிகள் எல்லாரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள்.

ஒரு வீட்டின் 11 புட்டிக்காக யாரும் லாரி அனுப்ப மாட்டார்கள். அது நியாயமும்தான், அபாயக் கழிவை ஏற்ற அனுமதி பெற்ற வண்டி வேண்டும், படிவம் 10 என்ற சரக்குச் சீட்டு கூடவே போக வேண்டும், செலவு அதிகம். அதனால்தான் ஊராகச் சேர வேண்டியிருக்கிறது.

ஊர்ச் சேகரிப்பு நாள்

கிராம சபையில் தீர்மானம் போடுவதிலிருந்து தொடங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், கிணற்றைப் பற்றிப் பேச அன்றைக்கு எல்லாரும் காது கொடுப்பார்கள். எங்கள் ஊரில் நான் எழுந்து என் பட்டியலை வாசித்ததும், முதலில் சிரித்தவர்களே "எங்க வீட்லயும் கெடக்குப்பா" என்று ஆரம்பித்தார்கள். அன்று மட்டும் முப்பதுக்கு மேல் வீடுகள் கை தூக்கின.

அதன் பிறகு பட்டியல் சேர்ப்பு. சேகரிப்பு இல்லை, பட்டியல் மட்டும். யார் வீட்டில் இருந்தது என்ற பெயரை எழுத வேண்டாம். தடைப் பொருள் வைத்திருப்பவர்தான் மிகவும் தயங்குவார், அவருடைய புட்டிதான் நமக்கு முதலில் வர வேண்டும். அமெரிக்காவில் வட டக்கோட்டா மாநிலம் 1992 முதல் இப்படி விவசாயிகளிடமிருந்து பழைய மருந்தைக் கட்டணமின்றி வாங்கி வருகிறது. இன்னும் பல மாநிலங்களில் 'கிளீன் ஸ்வீப்' என்ற பெயரில் நடக்கிறது. கேள்வி கேட்காமல் வாங்குவதுதான் அங்கேயும் வழக்கம்.

வண்டி வரும் தேதி எழுத்தில் கைக்கு வராமல் ஒரு புட்டியைக்கூடச் சேகரிக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆர்வத்தில் ஊர் மருந்தையெல்லாம் சாவடியில் கொண்டுவந்து குவித்துவிட்டு வண்டி வராமல் போனால், முப்பது வீட்டு ஆபத்தை ஒரே அறையில் சேர்த்துவிட்டோம் என்று ஆகும். கேரளத்தில் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் அதுதான் நடந்தது. எண்டோசல்பான் தெளிப்பை நிறுத்திய பிறகும் மிச்சம் கிடங்குகளிலேயே கிடந்தது, பீப்பாய்கள் இற்றுக் கசிந்து, பிறகு புதிய பீப்பாய்களுக்கு மாற்ற வேண்டி வந்தது.

தேதி கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். மழைக்காலம் வேண்டாம், பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை. பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, கிணற்றடி எதன் பக்கத்திலும் வேண்டாம். களத்துமேடும் வேண்டாம், அங்கேதான் தானியம் காயப் போடுகிறோம். கூரையும் சிமென்ட் தரையும் உள்ள இடமாகப் பார்த்து, தடித்த தார்ப்பாய் விரித்து, ஓரங்களில் மணல் வரப்பு கட்டுங்கள். வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், வாளியில் அடுக்குபவர் ஒருவர் போதும். கையுறை போட்டவர் பேனாவைத் தொடக் கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். மருந்தைக் கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வாளியில் மணலோடு கொண்டு வாருங்கள், பைக்கில் மடியில் வைத்து வராதீர்கள், பஸ்ஸில் ஏற்றாதீர்கள். வண்டி ஏறியதும் சரக்குச் சீட்டின் நகலை வாங்கி ஊராட்சிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் அது எங்கே போகிறது

தமிழ்நாட்டில் தொழிற்சாலை அபாயக் கழிவுகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கும்மிடிப்பூண்டியிலும் எங்கள் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கின்றன. பூச்சி மருந்தை முறையாக அழிப்பது என்றால் உலையில் எரிப்பதுதான். புகையை இரண்டாவது அறையில் 1,100 டிகிரி சூட்டில் குறைந்தது 2 விநாடி வைத்திருந்து, பிறகு கழுவி வடிகட்டி வெளியே விடுவார்கள். சிமென்ட் சூளைகளிலும் எரிக்கலாம், அங்கே சூடு 1,400 டிகிரிக்கு மேல். நம் குப்பைமேட்டு நெருப்பு இதற்குப் பக்கத்தில்கூட வராது.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்குப் போபால் இருக்கிறது. 1984 விபத்து நடந்த அந்தப் பூச்சி மருந்து ஆலையில் கிடந்த கழிவில் 337 டன், 2025 ஜனவரியில்தான் 12 கன்டெய்னர்களில் பீதம்பூருக்குப் போய், அந்த ஆண்டின் நடுவில் எரிக்கப்பட்டது. நாற்பது ஆண்டு. பீதம்பூர் மக்கள் எங்கள் ஊரில் எரிக்காதே என்று போராடினார்கள், அவர்கள் பயத்தையும் குறை சொல்ல முடியாது. கிடந்த கழிவு எந்த ஊருக்குப் போனாலும் யாரோ ஒருவர் வீட்டுப் பக்கம்தான்.

காலி டப்பா

முதல் குவியலை அடித்துத் தீர்த்தால் டப்பா மிஞ்சும். அதை மும்முறை அலச வேண்டும். மருந்தை டேங்கில் ஊற்றியதும் கடைசிச் சொட்டு வடியும் வரை அரை நிமிடம் கவிழ்த்துப் பிடியுங்கள். கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் அதே டேங்கில் ஊற்றுங்கள். இப்படி மூன்று தடவை. அலசிய தண்ணீரும் மருந்துதான், பயிருக்கே போய்விடும், காசும் வீணாகாது. உடனே செய்யுங்கள், காய்ந்துவிட்டால் போகாது. பிறகு அடியில் ஆணியால் மூன்று நான்கு ஓட்டை போடுங்கள், யாரும் எடுத்து மண்ணெண்ணெயோ மோரோ ஊற்றி வைக்க முடியாது.

விதி 44 காலி டப்பாவை உடைத்துக் குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்கச் சொல்கிறது. இன்றைய பிளாஸ்டிக் புட்டி மண்ணுக்குள் போனால் மக்காது. பிரேசிலில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவசாயி அலசி ஓட்டை போட்ட டப்பாவை ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், எங்கே கொடுப்பது என்று ரசீதிலேயே எழுதியிருக்கும். நீலகிரியில் 2022 முதல் காலி மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். பாட்டிலுக்குச் செய்ய முடிந்ததை மருந்து டப்பாவுக்கும் செய்யலாம். கிராம சபைத் தீர்மானத்தில் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை, அலசி ஓட்டை போட்டவற்றை ஒரு சாக்கில் கட்டிப் பூட்டிய அறையிலேயே வையுங்கள், சேகரிப்பு நாளில் சேர்ந்து போகட்டும்.

அடுத்த தடவை வாங்கும்போது

பயிர் பரப்பைக் கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். லிட்டருக்கு 2 மில்லி, ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு ஏக்கருக்கு 400 மில்லி. உங்களுக்கு அரை ஏக்கர் கத்தரி என்றால் 200 மில்லிதான் தேவை. கடைக்காரர் "லிட்டரா வாங்கினா வில கொறையும் தம்பி" என்பார். குறையும்தான். மிச்சம் 800 மில்லி அலமாரிக்குப் போகும். 100 மில்லியில் இரண்டு, இல்லையென்றால் 250 மில்லியில் ஒன்று கேளுங்கள். எந்தப் பூச்சிக்கு எது என்று சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன் கிசான் அழைப்பு மையத்துக்கு, 1800 180 1551, பேசிவிடுங்கள். தமிழிலேயே சொல்வார்கள்.

காத்திருக்கும் காலத்தில்

எங்கள் ஊர்த் தீர்மானம் நிறைவேறி, பட்டியல் மனுவோடு போயிருக்கிறது. வண்டித் தேதி இன்னும் வரவில்லை. குறைதீர்க்கும் நாளுக்கு மாதா மாதம் இரண்டு பேர் மாறி மாறிப் போய், போன மாத ஒப்புகை எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டு வருகிறோம்.

அதுவரை என் இரண்டு வாளிகளும் பழைய மோட்டார் ரூமில்தான் இருக்கின்றன. சாவி என் அம்மாவிடமும் இல்லை, பெரியவரிடமும் இல்லை. மாதம் முதல் ஞாயிறு போய், மூடியைத் திறக்காமல், வாளியைச் சுற்றித் தரை ஈரமாக இருக்கிறதா, வாளி வெயிலில் நொறுங்க ஆரம்பித்திருக்கிறதா, எழுத்து மங்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன். போன மாதம் எழுத்து மங்கியிருந்தது. திரும்ப எழுதினேன். குழி தோண்டலாம் என்ற பெரியவர் இப்போது தன் வீட்டுப் பரணிலிருந்து நான்கு புட்டியைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் ஒரு பெயிண்ட் வாளி வாங்கி வைத்திருக்கிறேன்.